பவானிசாகர் ரோட்டு மிலிட்டரிக்காரர் கடை: களி, பச்சைப்புளி ரசம், வெள்ளிக்கிழமைப் புட்டு

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் அணைக்குப் போகிற ரோட்டில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஓட்டுக் கூரை, முன்னால் இறக்கிய தகரம், வாசலில் ஒரு வேப்பமரம். மிலிட்டரிக்காரர் கடை என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதை மிலிட்டரி ஓட்டல் என்று நினைத்துக்கொண்டு, பிரியாணி என்ன விலை என்று கேட்டபடியே உள்ளே வருவார்கள். பிரியாணி கிடையாது. நடத்துகிறவர் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அந்தப் பெயர்.

நான் சத்தியில் பூக்கடை வைத்திருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வயிறு ஞாபகத்துக்கு வரும். பன்னிரண்டு வருஷமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் அணை பார்த்துவிட்டு வந்த ஒருவர் என் கடையில் மல்லிகை வாங்கும்போது, அந்தக் கடையைப் பற்றிக் குறை சொன்னார். "சாப்பாடு பரவாயில்லைங்க, ஆனா டிவியில எந்நேரமும் சண்டைச் செய்தி, நாலு பெரியவங்க உட்கார்ந்து அரசியலே பேசிட்டிருக்காங்க" என்றார். எனக்கு மனசுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அந்தப் பேச்சு எதனால் நடக்கிறது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ராகிக் களி. விறகடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது மாவைக் கொட்டி, இரண்டு பேர் துடுப்புப் போட்டுக் கிண்டுவார்கள். கட்டி தட்டாது. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்தால் மேலே பளபளவென்று இருக்கும், விரலில் ஒட்டாது. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், இல்லாவிட்டால் கொள்ளுப் பருப்பு. மதியம் சாப்பாடும் நாட்டுக்கோழிக் குழம்பும் உண்டு. அணை மீன் வந்த நாளில் கடலை எண்ணெயில் வறுவல் போடுவார்கள். மசாலா கம்மி, மீனின் ருசி தெரியும். இரண்டு மணிக்கு மேல் போனால் வாலும் தலையும்தான் மிஞ்சும்.

நான் விடாமல் போவதற்குக் காரணம் பச்சைப்புளி ரசம். நம் பக்கத்து வீடுகளில் வெயில் காலத்தில் செய்வதுதான், ஆனால் கடைகளில் ரசம் என்றால் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார்கள். இங்கே அடுப்பே ஏற்றுவதில்லை. புளியை ஊறவைத்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தைத் தட்டிப்போட்டு, சீரகமும் கொத்தமல்லித் தழையும் சேர்க்கிறார்கள். வரமிளகாயை அடுப்புத் தணலில் காட்டிக் கருக விட்டு அப்படியே கையால் நொறுக்கிப் போடுவதுதான் விஷயம். அந்தப் புகை வாசம் ரசத்தில் இறங்கியிருக்கும். துளி வெல்லம். சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, டம்ளரில் இன்னொரு முறை வாங்கிக் குடிக்காமல் எழுந்தவர்களை நான் பார்த்ததில்லை.

சாப்பாடு 90 ரூபாய், களி செட் 50 ரூபாய், மீன் ஒரு துண்டு 60 ரூபாய். இந்தக் காலத்துக்கு இது அநியாய விலை இல்லை. குறையையும் சொல்லவேண்டும். ஐந்தே பெஞ்சு. தகரத்துக்குக் கீழே ஏப்ரல் மே மாதங்களில் உட்கார முடியாது. கை கழுவ ஒரே குழாய். செல்போனில் பணம் அனுப்பலாம் என்று அட்டை ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் சிக்னல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும், கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அணைக்கூட்டம் வந்துவிட்டால் கோழிக் குழம்பில் தண்ணீர் சேர்வது உண்மை. நான் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். கார் நிறுத்த இடமில்லை.

டிவி விஷயத்துக்கு வருகிறேன்.

2021 ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை. கொரோனா கட்டுப்பாடு தளர்ந்து ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று விட்டிருந்த சமயம். முந்தின நாள்தான் தாலிபான்கள் ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூலுக்குள் வந்திருந்தார்கள். டிவியில் காபூலை விட்டுக் கிளம்பும் அமெரிக்க விமானம் ஓடுபாதையில் உருள்கிறது, பக்கவாட்டில் ஆட்கள் தொற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். கடையில் எல்லோரும் ஐயோ, ஐயோ என்றார்கள். கடைக்கார அண்ணா மட்டும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கையில் ரசச் செம்போடு நின்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் தட்டு காலியாகக் காத்திருக்கிறது, இவர் ஊற்றவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அதுல பாதிப் பேரு மொழிபெயர்க்கப் போனவங்களா இருப்பாங்க தம்பி. நேத்து வரைக்கும் அவங்க வாயிலதான் அமெரிக்காக்காரன் பேசியிருப்பான்."

அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அண்ணாவும் மொழிபெயர்த்தவர்தான்.

அறுபது வயதுக்காரர். பத்தொன்பது வயதில் சேர்ந்து, சப்ளை பிரிவில் லாரி ஓட்டினார். 1988 கடைசியில் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்பினார்கள். சக்திமான் லாரி. சீட்டுக்குக் கீழே மணல் மூட்டை அடுக்கி அதன்மேல் கால் வைத்துத்தான் ஓட்டுவாராம், கண்ணிவெடிக்காக. முன்னால் ஒரு கூட்டம் ரோட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்து போகும், பின்னால் லாரிகள் ஊர்ந்து போகும். தமிழ் தெரியும் என்பதால் பாதி நாள் லாரியிலிருந்து இறக்கிவிட்டு, வீடு சோதனைக்கும் செக்போஸ்டுக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் பற்றி அவர் ஒரு நாள் சொன்னதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "ஆபீசர் இந்தியில ஒரு வரி கேப்பாருங்க. நான் தமிழ்ல கேக்கோணும். அந்தம்மா அழுதுக்கிட்டே பத்து வரி சொல்லும். நான் அதை ஒரு வரியா இந்தியில சொல்லோணும். மிச்சம் ஒம்பது வரியும் எங்கிட்டயே நின்னு போச்சு."

என் சித்தப்பாவும் அங்கே இருந்தவர். 1990-ல் அவர் திரும்பி வந்தபோது எனக்குப் பதினோரு வயது. சத்தி பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு போய்க் காத்திருந்தேன். தலையில் டிரங்குப் பெட்டியோடு இறங்கினார். டீக்கடையில் நின்றிருந்த தெரிந்தவர் ஒருவர், வந்ததும் வராததுமாக, "ஏப்பா, அங்க நம்ம சனத்தையே சுட்டீங்களாமா?" என்றார். சித்தப்பா பெட்டியை இறக்கவே இல்லை. அப்படியே நின்றார். அப்பாதான் அவர் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். சித்தப்பா 2012-ல் இறந்தார். அந்தக் கேள்விக்குக் கடைசி வரை பதில் சொல்லவில்லை. இலங்கை என்ற பேச்சு வந்தாலே எழுந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போய்விடுவார். அவர் இறந்த மறு வருஷம்தான் நான் இந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். அவர் பேசாததை எல்லாம் அண்ணாவிடம் கேட்டுக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கடையில் நடக்கிற அரசியல் பேச்சு இதைச் சுற்றியேதான். படை ஏன் போனது என்பதைவிட, எப்படித் திரும்பியது என்பதில்தான் அண்ணாவுக்குத் தீராத ஆதங்கம். என்னிடம் அவர் சொன்னதையும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இலங்கைத் தமிழர் பிரச்சினையைத் தீர்க்க 1987 ஜூலை 29-ல் கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே நம் படை யாழ்ப்பாணம் பக்கத்துப் பலாலியில் இறங்கியது. அதே மறுநாள்தான் கொழும்பு அணிவகுப்பில் ஒரு கடற்படைச் சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். தனி ஈழம் கேட்டுப் போராடிய விடுதலைப் புலிகளின் கையெழுத்து அந்த ஒப்பந்தத்தில் கிடையாது. அவர்களிடம் ஆயுதத்தை வாங்கி வைக்கப் போன படை, அக்டோபரில் அவர்களோடேயே சண்டையில் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கியப் பிளாட்டூனில் ஒருவர் தவிர எல்லோரும் செத்தார்கள். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, அக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை சுட்டு நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்தார்கள். அண்ணா இதை மறைக்க மாட்டார். தான் போவதற்கு முந்தின வருஷம் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டார். "நாங்க போட்டிருந்தது அதே யூனிபாரம்தானுங்களே" என்பார்.

இறங்கியாகிவிட்டது. ஏறுவது எப்படி? அண்ணா கிணற்றுக்கணக்கு ஒன்று சொல்வார். தூர் வாரக் கிணற்றுக்குள் இறங்குகிறவன், மேலே கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்கவேண்டும். நம் படை இறங்கியபோது கயிற்றின் ஒரு முனை கொழும்பில், இன்னொன்று டெல்லியில், மூன்றாவது சென்னையில். மூன்று இடத்திலும் ஆட்கள் மாறினார்கள். 1988 டிசம்பரில் பிரேமதாசா ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார், இந்தியப் படையை வெளியே அனுப்புவேன் என்று சொல்லித்தான். சிங்களப் பகுதியில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கலகம். இந்தியப் பொருளையே வாங்காதே என்று அவர்கள் மிரட்டிக்கொண்டிருந்த நேரம், ஜனாதிபதி அதைவிடக் கடுமையாகப் பேசியாகவேண்டும். 1989 ஜனவரியில் இங்கே தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அதே வருஷக் கடைசியில் ராஜீவுக்குத் தேர்தல்.

1989 ஜூன் 1-ல் பிரேமதாசா கெடு வைத்தார்: ஜூலை 29-க்குள் கடைசி ஆள் வரை போய்விடவேண்டும். கெடு வைத்து விரட்டினார்கள் என்ற பெயரோடு தேர்தலுக்குப் போக எந்தப் பிரதமரும் சம்மதிக்க மாட்டார். தமிழர்களுக்கு ஒப்பந்தத்தில் சொன்ன அதிகாரம் வரட்டும், பிறகு வருகிறோம் என்றது டெல்லி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கெடு நாளில் பேருக்குச் சில நூறு பேரைக் கப்பலேற்றினார்கள். செப்டம்பரில் இரண்டு அரசும் பேசி டிசம்பர் 31 என்று முடிவு செய்தன. டிசம்பர் 2-ல் வி.பி.சிங் பிரதமரானார், தேதி மார்ச் 31 ஆனது. கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டது 1990 மார்ச் 24.

கெடு வைத்த நாளுக்கும் கப்பலேறிய நாளுக்கும் நடுவில் பத்து மாசம். போகப்போகிறோம் என்பது சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிறவர் வரை தெரியும். புலிகளுக்கும் தெரியும். அண்ணாவின் கூட இருந்த ஒரு சமையல்காரர், ஆந்திராக்காரர், பெட்டியைக் கட்டி அதன்மேல் பெயரும் ஊரும் பெயின்டில் எழுதி வைத்துவிட்டு, தண்ணீர் டேங்கரோடு ஒரு நடை போனார். டேங்கர் திரும்பவில்லை. அந்தப் பெட்டியை லாரியில் ஏற்றியது அண்ணாதான். பெயின்ட் காய்ந்திருக்கவில்லையாம், உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டதாம். இதைச் சொல்லும்போது கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். மொத்தம் 1,100-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் அங்கே இறந்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர், போவதா இருப்பதா என்று மேலே இருந்தவர்கள் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த மாசங்களில் இறந்தவர்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

திரும்பி வந்தபோது மெட்ராஸில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். முப்பத்தைந்து வருஷம் ஆகியும் இந்தக் கடையில் இது ஓயவில்லை. அவர் செய்ததுதான் சரி, தமிழ்நாட்டு முதல்வர் வேறென்ன செய்வார் என்று ஒரு கட்சி. அனுப்பியது டெல்லி, அவமானம் சிப்பாய்க்கா என்று இன்னொரு கட்சி. நானும் இதில் கலந்துகொள்வேன். என் எண்ணம் இது: அந்தச் சண்டையைக் கொண்டாட மறுத்ததில் தவறில்லை. ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்கு நாம் அந்த அளவாவது கடன்பட்டிருந்தோம். ஆனால் அந்தக் கப்பலில் வந்த சத்திக்காரனையும் கோபிக்காரனையும் தனியே கூப்பிட்டு, "உனக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்க ஒரு ஆள்கூட இல்லாமல் போனது பெரிய தவறு. கேட்டிருந்தால் என் சித்தப்பா பொடக்காலியில் போய் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அண்ணா வரவேற்பு இல்லாததைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. "மாலை வேண்டாமுங்க. ஆனா நாங்க விட்டுட்டு வந்தமே, அவங்க?" என்பார்.

விட்டுவிட்டு வந்தவர்கள் என்று அவர் சொல்வது தமிழ் தேசிய ராணுவத்துப் பையன்களை. படை கிளம்பினால் இலங்கையின் வடகிழக்கு மாகாண அரசு நிற்காது என்று தெரிந்து, அதன் முதல்வர் வரதராஜப் பெருமாளுக்குக் காவலாக ஒரு உள்ளூர்ப் படையை இந்தியா அவசரமாக உண்டாக்கியது. ஆள் வேண்டும். இந்தியாவோடு நின்ற தமிழ் இயக்கங்கள் டியூஷன் முடித்து வருகிற பையன்களையும் கடைக்குப் போகிற பையன்களையும் தெருவில் பிடித்து ஏற்றின. நம் முகாம்களில் பயிற்சி, கையில் ஒரு துப்பாக்கி. மறுபக்கம் பிரேமதாசா அரசு இந்தப் பையன்களை எதிர்க்கப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. நம் படை கிழக்கிலிருந்து காலி செய்துகொண்டே வர வர, விட்ட இடமெல்லாம் புலிகள் கைக்குப் போனது, பையன்கள் சரிந்தார்கள். பெருமாள் 1990 மார்ச் 1-ல் தனி ஈழம் என்று அறிவித்துவிட்டு இந்தியாவுக்கு வந்துவிட்டார். எல்லாப் பையன்களுக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை.

காபூலிலும் இதே கதைதான் என்று நான் சொன்னால் அண்ணா ஒத்துக்கொள்வார். 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்துப் போட்டபோது காபூல் அரசுக்கு அந்த மேஜையில் இடமில்லை. ஒரு அமெரிக்க அதிபர் தேதி குறித்தார், அடுத்தவர் அதைத் தள்ளி வைத்தார், இரண்டு பேருக்கும் உள்ளூரில் சொல்ல ஒரு வெற்றி தேவைப்பட்டது. ரஷ்யாக்காரர்கள் அதற்கு முன்பே அதே நாட்டிலிருந்து போனவர்கள். 1989 பிப்ரவரி 15-ல் அவர்களுடைய ஜெனரல் குரோமோவ் எல்லையில் இருக்கும் ஆமு தரியா ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்ததை உலகமே படம் பிடித்தது. "கடைசியா வர்றவனைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க" என்றார் அண்ணா.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இந்தக் கடையின் உண்மையான சிறப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான்.

நம் படை வந்து மூன்று மாசத்தில், 1990 ஜூனில், அங்கே மறுபடி போர் மூண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமிலிருந்து அவர்களைத் தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பியதில் கொஞ்சம் பேர் நம் பவானிசாகர் முகாமுக்கு வந்தார்கள். முப்பத்தைந்து வருஷமாக இங்கேயே இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் நம் பள்ளிக்கூடத்தில் படித்து நம் பேச்சையே பேசுகிறார்கள், ஆனால் குடியுரிமை இல்லை. 2021-ல், அந்தக் காபூல் ஆகஸ்டிலேயேதான், அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அங்கே இருக்கிற திருகோணமலைப் பக்கத்து அக்கா ஒருவர்தான் வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கடையில் புட்டு அவிக்கிறார்.

நாம் குழாயில் அவிக்கிற புட்டு இல்லை. பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார், கூம்பு மாதிரி இருக்கும். சிவப்பரிசி மாவை வறுத்து, சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, மணி மணியாகக் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து அதில் போட்டு அவிப்பார். ஓலை வாசம் மாவில் ஏறிவிடும். கவிழ்த்தால் கூம்பாக நிற்கும், தொட்டால் உதிரும். கூடவே சொதியும் இடித்த சம்பலும். சொதி என்றால் தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், அவ்வளவுதான். எலுமிச்சையை இறக்கின பிறகுதான் பிழிவார். நான் ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். "அடுப்பில இருக்கேக்க விட்டால் பால் திரைஞ்சு போகும், தம்பி" என்றார். புட்டில் சொதியை ஊற்றி ஊறுவதற்குள் சாப்பிடவேண்டும். ஒரு செட் 50 ரூபாய். காரம் கொஞ்சம் தூக்கல், குழந்தைகளுக்குச் சம்பல் வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அக்கா இந்தக் கடைக்கு வந்ததே ஒரு கதை. பாத்திரம் கழுவும் வேலை கேட்டு முதல் நாள் வந்தவர், கடைக்காரர் அந்தப் படையில் இருந்தவர் என்று தெரிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிப் போய்விட்டாராம். எட்டு நாள் கழித்து வந்து, உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றபடி கேட்டிருக்கிறார்: "அண்ணை, நீங்கள் எங்கட பக்கம் எந்தச் செக்பொயின்ரில நிண்டனீங்கள்?" அண்ணா ஊர் பெயரைச் சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாராம். பிறகு, "ஓம். அங்க தமிழ் கதைக்கிற ஆள் ஒண்டு இருந்தது" என்றாராம். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நீத்துப்பெட்டியோடு வந்தார்.

அவர் தம்பிக்குப் பதினேழு வயது. 1989-ல் சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போனவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு முறை மட்டும் சீருடையோடு வந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனான். அப்புறம் தகவல் இல்லை. சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வருஷா வருஷம் மார்ச் 24 அன்று அண்ணா கடையில் வியாபாரம் கிடையாது. சுற்று வட்டாரத்தில் அந்தப் படையில் இருந்த நாலைந்து பேரும் முகாமிலிருந்து சிலரும் வருவார்கள். இலை போட்டுச் சாப்பாடு, யாரிடமும் காசு வாங்க மாட்டார். சுவரில் அண்ணாவின் யூனிட் போட்டோ ஒன்று இருக்கிறது, அதற்கு மாலை என் கடையிலிருந்து போகும். கொழும்பில் இந்தப் படைக்கு நினைவிடம் இருக்கிறது, 2015-ல் பிரதமர் மோடி போய் அஞ்சலி செலுத்தினார். டெல்லியில் 2019-ல் திறந்த போர் நினைவிடத்திலும் பெயர்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து அவர்களுக்காக மாலை விழுவது இந்தச் சுவரில்தான்.

2022-ல் அந்தச் சுவரில் புதிதாக ஒரு சின்னப் படம் இருந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய முகம், அக்காவின் தம்பி. முந்தின நாளே அண்ணா சொல்லியிருந்தார், நான் நல்லெண்ணத்தில் இரண்டு மாலையாகக் கட்டிக்கொண்டு போனேன். மார்ச்சில் மல்லிகை வரத்து நன்றாக இருக்கும், இரண்டையும் நெருக்கமாகக் கட்டியிருந்தேன். பெரிய படத்துக்கு அண்ணா போட்டார். இரண்டாவதை நான் அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, என் மனம் நோகக்கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"செத்த ஆக்களுக்குத்தான் மாலை போடுறது, தம்பி. அவன் செத்தவன் எண்டு ஆரும் எனக்கு வந்து சொல்லேல்ல."

யாரும் பேசவில்லை. அண்ணா தலையைக் குனிந்துகொண்டு இலை போடப் போய்விட்டார். நான் மாலையைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். பூக்கடைக்காரனான எனக்கு அது தோன்றியிருக்கவேண்டும். அன்றைக்குப் புரிந்தது, அண்ணா சொல்கிற அந்த ஒன்பது வரியில் இதுவும் ஒன்று என்று.

அதற்குப் பிறகு மார்ச் 24-க்கு ஒரு மாலைதான் கட்டுகிறேன். அக்காவுக்குத் தனியாக இரண்டு முழம் மல்லிகை, வாழை இலையில் சுற்றி. அதைத் தலையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார். தம்பி படத்துக்குக் கீழே ஒரு ஆணியில் நீத்துப்பெட்டி தொங்கும், வேலை முடிந்ததும் கழுவி அங்கேதான் மாட்டுவார்.

நீங்கள் போனால் அந்தச் சுவரை ஒட்டின பெஞ்சில் உட்காருங்கள், காற்று வரும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தால் டிவியை மாற்றச் சொல்லவேண்டாம். கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள். காலை எட்டரையிலிருந்து மதியம் மூன்று வரை கடை, செவ்வாய் விடுமுறை. வெள்ளிக்கிழமை மட்டும் சாயங்காலம் மறுபடி திறப்பார்கள். ஆறு மணிக்குப் புட்டு இறங்க ஆரம்பிக்கும், ஏழரைக்கு மேல் போனால் சம்பல் இருக்காது.